மாட்டின் மூக்கில் குடியிருப்பவர்கள்

பொங்கல் நேரத்தில் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் மாடுகளைக் கொண்டுவந்து கட்டுவார்கள். கொம்பில் வண்ணம், கழுத்தில் மாலை, சுற்றிலும் கைத்தொலைபேசிகள். அடுக்குமாடி புளோக்கிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு மாட்டை அவ்வளவு கிட்டத்தில் பார்க்க வருடத்தில் அந்தச் சில நாள்தான். ஒரு தடவை என் பக்கத்தில் நின்ற சிறுமி, ஆறேழு வயது இருக்கும், மாட்டின் முகத்தையே வெகுநேரம் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டாள்: “அம்மா, மாட்டுக்குச் சளி பிடிச்சிருக்கா? மூக்கெல்லாம் ஈரமா இருக்கு.”

“இல்லம்மா, மாட்டு மூக்கு அப்படித்தான் இருக்கும்” என்றார் அம்மா. சரியான பதில்தான். நன்றாக இருக்கும் மாட்டின் மூக்கு நுனி ஈரமாகத்தான் மினுங்கும். அது காய்ந்து கிடந்தால்தான் மாடு வளர்ப்பவர் கையை வைத்துப் பார்ப்பார். ஆனாலும் அந்தக் கேள்வி என் மனதிலேயே நின்றுவிட்டது. நான் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் நுண்ணுயிரிப் பிரிவில் வேலை பார்க்கிறவள். அந்த ஈர மூக்குக்குள், சளி பிடிக்காத நாளிலும், யார் யார் குடியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் கீழே நுரையீரலுக்கு இறங்கும்போது என்ன ஆகிறது, அதற்கு நாம் கொடுக்கும் மருந்து ஏன் சில நேரம் பலிக்காமல் போகிறது என்பதை, அறிவியல் பாடத்தை விட்டுப் பல வருடமான ஒருவருக்கும் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு மாட்டு நோயைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று தோன்றலாம். லிட்டில் இந்தியாவை நாங்கள் தேக்கா என்போம். தேக்காவின் பழைய பெயரே கண்டாங் கெர்பாவ். மலாய் மொழியில் எருமைக் கொட்டில் என்று பொருள். பஃபலோ ரோடும் கெர்பாவ் ரோடும் இன்றும் அங்கேதான் இருக்கின்றன. மாடு இந்த ஊரைவிட்டு அநேகமாகப் போய்விட்டது. மாட்டிறைச்சியும் பாலும் கப்பலிலும் லாரியிலும் வருகின்றன. மாட்டுக்குப் போடும் மருந்துகளில் பலவும் நமக்குப் போடும் மருந்துகளின் சொந்தக்காரர்கள்தான்.

சரி, முதலில் மூக்கு.

மாட்டுக்கு வரும் நிமோனியாவை ஒரே கிருமியின் வேலை என்று நினைத்துவிடக் கூடாது. அம்மை என்றால் அம்மைக் கிருமி, காசநோய் என்றால் காசநோய்க் கிருமி என்பது போல இங்கே சொல்ல முடியாது. இதில் பாக்டீரியாக்கள் என்று பார்த்தால் நான்கு பேர் முக்கியம்: மான்ஹைமியா ஹீமோலிட்டிக்கா, பாஸ்டுரெல்லா மல்டோசிடா, ஹிஸ்டோஃபிலஸ் சோம்னி, மைக்கோபிளாஸ்மா போவிஸ். பெயர்கள் வாயில் நுழையாதுதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. குணத்தைப் பிடித்துக்கொண்டால் பெயர் தானாக மனதில் தங்கிவிடும்.

இவற்றில் முதல் மூன்றும் நலமாக இருக்கும் மாட்டின் மூக்கிலும் தொண்டையிலும் சாதாரணமாகவே இருக்கும். மைக்கோபிளாஸ்மாவும் எந்த அறிகுறியும் இல்லாத மாட்டின் மூக்கில் இருக்கக் கூடும். நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மாலை நேரத்தில் அங்கே பலர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் இருப்பதால் மேலே பன்னிரண்டாம் மாடி வீட்டுக்கு எந்த ஆபத்தும் இல்லை. கதவு பூட்டியிருக்கிறது, மின்தூக்கி ஒழுங்காக ஓடுகிறது, வீட்டில் ஆள் இருக்கிறார்கள். பூட்டு உடைந்து, வீட்டில் யாரும் இல்லாத நாளில்தான் சிக்கல். மாட்டின் மூக்கு அந்தக் கீழ்த்தளம். நுரையீரல்தான் வீடு.

பூட்டு என்பது என்ன? மூச்சுக்குழாயின் உட்சுவர் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மயிரிழைகள் இருக்கின்றன. அவற்றின் மேல் ஒரு சளிப் படலம். உள்ளே விழும் தூசியும் கிருமியும் அந்தச் சளியில் ஒட்டிக்கொள்ளும். மயிரிழைகள் ஓயாமல் அசைந்து அதை மேலே தொண்டைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். மாடு அதை விழுங்கிவிடும். இதையும் தாண்டி நுரையீரலுக்குள் போகிறவற்றை வெள்ளையணுக்கள் பார்த்துக்கொள்ளும். இந்த ஏற்பாடு ஒழுங்காக நடக்கும்வரை மூக்கில் யார் குடியிருந்தாலும் மாடு பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டிருக்கும்.

இந்த ஏற்பாட்டைக் கெடுப்பவை பல. வைரஸ்கள் முதலில் வரும். அவை அந்த மயிரிழைச் செல்களையே அழித்துவிடும். அப்புறம் கொட்டகைக் காற்று. சாணமும் மூத்திரமும் தேங்கிக் கிடந்தால் அம்மோனியா கிளம்பும். உள்ளே நுழைந்ததும் நம் கண் எரிகிறதே, அதுதான். 2013 ஜூன் மாதம் இங்கே புகைமூட்டம் வந்து காற்றுத்தரக் குறியீடு 401 வரை ஏறியது பலருக்கு நினைவிருக்கும். தொண்டை கரகரத்து, ஆஸ்துமா பிள்ளைகள் தவித்த நாட்கள். காற்றோட்டம் இல்லாத கொட்டகையில் கட்டிக்கிடக்கும் கன்றுக்கு மாதக்கணக்கில் அந்த நிலைமைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, அலைச்சல். தாயிடமிருந்து பிரித்து, வண்டியில் ஏற்றி, பசியும் தாகமுமாகப் பல மணி நேரம் நிற்கவைத்து, முன்பின் தெரியாத மாடுகளோடு கொண்டுபோய்க் கட்டினால் அதன் உடம்பு மிரண்டுபோகும். அந்த மிரட்சியில் சுரக்கும் ஹார்மோன்கள் எதிர்ப்புச் சக்தியைத் தாழ்த்திவிடும். இந்த நோய்க்கு ஆங்கிலத்தில் ‘பயணக் காய்ச்சல்’ என்ற பொருளில் ஒரு பழைய பெயரே உண்டு.

மாட்டின் நுரையீரலும் ஒருவகையில் பாவம்தான். அதே எடையுள்ள குதிரையோடு ஒப்பிட்டால் சிறியது. அதோடு அது குட்டிக் குட்டி அறைகளாகத் தடித்த சுவர்களால் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஓர் அறைக்குப் போகும் குழாய் அடைத்தால் பக்கத்து அறையிலிருந்து காற்று வர வழி கிடையாது. அந்த அறை அப்படியே மூடிப்போகும்.

இப்போது அந்த நான்கு பேரிடம் வருகிறேன். மான்ஹைமியாதான் நால்வரில் மிகக் கொடியது. பல காலம் இதையும் பாஸ்டுரெல்லா என்றே அழைத்தார்கள். 1999-இல்தான் தனிப் பெயர் வைத்தார்கள். மூக்கில் கொஞ்சமாக இருக்கும்வரை அது இருப்பதே தெரியாது. மாடு மிரண்டதும் விறுவிறுவென்று பெருகி, மூச்சோடு உள்ளே இழுக்கப்பட்டு நுரையீரலுக்குப் போகும். அங்கே அது ஒரு நச்சைச் சுரக்கிறது. அந்த நச்சு குறிவைப்பது வெள்ளையணுக்களை, அதுவும் ஆடு, மாடு போன்ற அசைபோடும் விலங்குகளின் வெள்ளையணுக்களை மட்டும். கிருமியைத் தின்ன ஓடிவரும் வெள்ளையணு அங்கேயே வெடித்துச் சாகும். அதன் வயிற்றில் கிருமியைக் கரைப்பதற்காக வைத்திருந்த நொதிகள் எல்லாம் கொட்டி, நுரையீரலின் சதையையே கரைக்கத் தொடங்கும். அந்த நாசத்தைப் பார்த்து இன்னும் வெள்ளையணுக்கள் ஓடிவரும், அவையும் வெடிக்கும். காவலுக்கு வந்தவனின் துப்பாக்கியை வைத்தே வீட்டைச் சுடுகிற வேலை. இதை முதன்முதலில் படித்த அன்று நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஓரிரு நாளில் பஞ்சு போல இருக்க வேண்டிய நுரையீரல் கல்லீரல் மாதிரி கெட்டிப்பட்டுப் போகும். நல்ல நுரையீரலைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். இப்படிக் கெட்டிப்பட்ட துண்டு மூழ்கிவிடும்.

பாஸ்டுரெல்லா அவ்வளவு மூர்க்கம் இல்லை. கன்றுகளில்தான் அதிகம் பார்க்கலாம். லூயி பாஸ்டரின் நினைவாக வைத்த பெயர். அவர் 1880 வாக்கில் கோழிக் காலராவை ஆராய்ந்தபோது கையாண்டது இந்தக் கிருமியைத்தான். இதே கிருமியின் வேறொரு வகைதான் நம் ஊர்ப்பக்கம் ‘தொண்டை அடைப்பான்’ என்று சொல்லும் நோயைக் கொண்டுவருகிறது. மழைக்காலத்துக்கு முன்னால் மாடுகளுக்கெல்லாம் ஊசி போடுவார்களே, அது அந்த நோய்க்கானது. நுரையீரலைப் பிடிக்கும் வகை வேறு. தொண்டை அடைப்பான் ஊசி போட்டாயிற்று, இனிக் கன்றுக்கு நிமோனியா வராது என்று நம்பிவிடக் கூடாது.

ஹிஸ்டோஃபிலஸ் நுரையீரலோடு நிற்காமல் இரத்தத்தில் ஏறி இதயத்துக்கும் மூளைக்கும் போகக் கூடியது. ஆய்வகத்தில் வளர்ப்பதும் சிரமம்.

மைக்கோபிளாஸ்மா ஒரு தனி ஜாதி. அநேகமாக எல்லா பாக்டீரியாவுக்கும் உடம்பைச் சுற்றி ஒரு கெட்டிச் சுவர் இருக்கும், இதற்குக் கிடையாது. நம் வீட்டுக்கு மதில் இல்லாத மாதிரி. நுரையீரலுக்குள் பாலாடைக்கட்டி போலச் சீழ்க் கட்டிகளை உண்டாக்கும். கன்றுக்கு மூட்டு வீங்கும், காதில் சீழ் வைத்து ஒரு காது தொங்கும். சுவர் இல்லாத இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் வேண்டியிருக்கும்.

இனி என் மாமாவின் கன்றைப் பற்றிச் சொல்கிறேன்.

மாமா தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் நான்கு மாடு வைத்திருக்கிறார். சில வருடத்துக்கு முன் ஐப்பசி மழையில் சந்தையில் ஒரு கிடேரிக் கன்று வாங்கினார். நான்கு மாதக் கலப்பினக் கன்று. குட்டியானை என்கிற சின்ன லாரியில் ஏற்றி, நனைந்துகொண்டே இரவில் வீடு வந்து சேர்ந்தது. மூன்றாம் நாள் எனக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார்.

“ஏம்மா, கன்னு செருமிக்கிட்டே இருக்கு. தீவனம் எடுக்கல. நீதான் இந்தக் கிருமி எல்லாம் பாக்குறவளாச்சே, என்ன பண்ணலாம்?”

“மாமா, நான் மனுஷங்களுக்குத்தான் பாக்குறேன். டாக்டரக் கூப்பிடுங்க.”

“மழை பேயுது. அவரு வர நாளைக்கு ஆவும். போன மாசம் பெரிய மாட்டுக்குப் போட்ட ஊசி மருந்து பாட்டில்ல மிச்சம் கெடக்கு. அதப் போட்டுட்டேன்.”

காணொளியில் கன்றைக் காட்டினார். தலை தொங்கியிருந்தது. காதுகள் இரண்டும் சோர்ந்து கீழே விழுந்திருந்தன. விலா ஏறி இறங்கும் வேகத்தை எண்ணிப் பார்த்தேன். நிமிடத்துக்கு அறுபதைத் தாண்டியது. மூக்கிலிருந்து வழிந்தது தண்ணீர் போல இல்லை, மஞ்சளாகக் கெட்டியாக இருந்தது. அந்தச் சிறுமி கேட்ட ‘சளி’ இதுதான்.

மிச்சம் இருந்தது ஆக்சிடெட்ராசைக்ளின். இரண்டு நாள் போட்டார். கன்று எழுந்து நின்றது, கொஞ்சம் தவிடு தின்றது. சரியாகிவிட்டது என்று மூன்றாம் நாள் நிறுத்திவிட்டார். பாட்டிலும் காலி. ஆறாம் நாள் கன்று படுத்துவிட்டது. அப்போதுதான் கால்நடை மருத்துவர் வந்தார். காய்ச்சல் 105 டிகிரி ஃபாரன்ஹீட். கன்றுக்கு வழக்கமாக 101, 102 இருக்கும். மூக்கின் ஆழத்திலிருந்து பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, வேறு வகை மருந்தைத் தொடங்கினார். முடிவு வந்தபோது மாமா அந்தத் தாளைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார். பாஸ்டுரெல்லா மல்டோசிடா. மருந்துகளின் வரிசையில் டெட்ராசைக்ளினுக்கு நேராக ‘ஆர்’ என்ற எழுத்து. மருந்துக்கு மசியாது என்று அர்த்தம்.

அந்த ‘ஆர்’ எப்படி வருகிறது என்பதை நான் தினமும் கையால் செய்து பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உள்ளங்கை அகல வட்டத் தட்டு. அதில் இரத்தம் கலந்த, அகர் அகர் போல உறைந்த ஊட்டப்பொருள். ஆமாம், நம் வீட்டில் பெருநாளுக்கும் பிறந்தநாளுக்கும் செய்கிற அதே அகர் அகர் குடும்பம்தான். கிருமியை உப்புநீரில் கரைத்து, பஞ்சுக் குச்சியால் தட்டு முழுவதும் சீராகப் பூசுவோம். அதன்மேல் மருந்தில் ஊறிய சிறு காகித வில்லைகளை வைப்போம். சட்டைப் பொத்தானைவிடச் சிறியவை, ஒவ்வொன்றும் ஒரு மருந்து. 35 டிகிரி வெப்பத்தில் ஓர் இரவு. காலையில் திறந்தால் தட்டு முழுக்கச் சாம்பல் நிறத்தில் கிருமி படர்ந்திருக்கும். எந்த மருந்துக்கு அது பணிகிறதோ அந்த வில்லையைச் சுற்றி மட்டும் ஒரு தெளிவான வட்டம் விழுந்திருக்கும். மருந்து கசிந்த தூரம் வரை கிருமி வளரவில்லை. வட்டத்தின் அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து, அட்டவணையோடு ஒப்பிடுவோம். சில வில்லைகளைச் சுற்றி வட்டமே இருக்காது. கிருமி வில்லையின் விளிம்புவரை வந்து ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும், அந்த மருந்து இந்நேரம் யாருடைய நரம்பிலோ ஏறிக்கொண்டிருக்குமே என்ற நினைப்பு வராமல் இருந்ததில்லை.

பாஸ்டுரெல்லாவை நான் மனிதர்களிடமும் பார்க்கிறேன். பூனை கடித்த கையில் சீழ் வைத்தால் பெரும்பாலும் இதுதான். 2024 செப்டம்பரிலிருந்து வீவக வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி வந்திருக்கிறது, ஆகவே பூனைக்காரர்கள் கடியை அலட்சியம் செய்யாமல் மருந்தகத்துக்குப் போவது நல்லது. தட்டின் மூடியைத் திறந்ததும் ஒரு வாடை வரும். பழைய அலமாரிக்குள் எலி இருந்துபோன மாதிரி. தட்டை முகர்ந்து பார்க்கக் கூடாது என்பது விதி. இந்த வாடை நம்மைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

மருந்து எப்படிக் கொல்கிறது?

ஆன்டிபயாட்டிக் என்பது கிருமியின் உடம்பில் இருந்து, நம் உடம்பிலோ மாட்டின் உடம்பிலோ இல்லாத, அல்லது வேறு மாதிரி இருக்கிற ஒன்றைத் தாக்கும் மருந்து. பென்சிலினும் அதன் உறவான செஃப்டியோஃபூர் போன்றவையும் கிருமியின் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கும். மைக்கோபிளாஸ்மாவுக்குச் சுவரே கிடையாது என்றேன் அல்லவா? அதனிடம் பென்சிலினுக்கு வேலையே இல்லை. எவ்வளவு ஊற்றினாலும் பலிக்காது. டெட்ராசைக்ளின், ஃப்ளோர்ஃபெனிகால், துலாத்ரோமைசின் போன்றவை கிருமி புரதம் செய்யும் இடத்தில் போய்க் குறுக்கே நிற்கும். என்ரோஃப்ளாக்சசின் போன்றவை கிருமி தன் மரபுப்பொருளை நகலெடுப்பதைக் கெடுக்கும். இவற்றில் எதுவுமே வைரஸை ஒன்றும் செய்யாது. பூட்டை உடைத்தது வைரஸ் என்றால், அதற்கு ஊசியில் பதில் இல்லை.

இப்போது மருந்தெதிர்ப்பு. இந்த இடத்தில்தான் நிறையப் பேருக்குக் குழப்பம். “அடிக்கடி மருந்து போட்டா உடம்பு மருந்துக்குப் பழகிடும்” என்பார்கள். பழகுவது உடம்பு இல்லை. மருந்தோடு வாழக் கற்றுக்கொள்வது கிருமி. இன்னும் சரியாகச் சொன்னால், ஒரு தனிக் கிருமி கற்றுக்கொள்வதும் இல்லை. கோடிக்கணக்கான கிருமிகளில் ஒன்றிரண்டு ஏற்கெனவே வேறு மாதிரி இருக்கும். மருந்து வந்து மற்றவற்றை அழித்ததும், அந்த ஒன்றிரண்டுக்குப் போட்டியே இல்லை. சாப்பாடும் இடமும் முழுவதும் அவற்றுக்குத்தான். அரை மணி நேரத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும் கிருமிக்கு ஒரு நாள் போதும், கூட்டம் மறுபடி பழைய அளவுக்கு வர. ஆனால் இந்தத் தடவை கூட்டம் முழுவதும் மருந்துக்கு மசியாதவை.

கிருமி தப்பிக்கும் வழிகள் பல. சில, மருந்தையே வெட்டிப்போடும் நொதியைச் செய்யும், பென்சிலினுக்கு இப்படித்தான். சில, உள்ளே வந்த மருந்தை மழைநீரை இறைப்பது போல வெளியே இறைத்துத் தள்ளும். டெட்ராசைக்ளினுக்கு இந்த வழி. சில, மருந்து வந்து ஒட்டும் இடத்தையே லேசாக மாற்றிவிடும். மைக்கோபிளாஸ்மாவுக்கு இதுதான் கைவந்த கலை.

இதைவிடக் கவலை தருவது, கிருமிகள் இந்த வித்தையைத் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்வது. 2005-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஒரு கன்றின் நுரையீரல் நோயிலிருந்து பாஸ்டுரெல்லா ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். பிறகு அதன் மரபுப்பொருளை முழுவதும் படித்தபோது, அதற்குள் ஒரு நீளமான துண்டு செருகியிருந்தது. அந்த ஒரே துண்டில் 12 மருந்தெதிர்ப்பு மரபணுக்கள் வரிசையாக இருந்தன. டெட்ராசைக்ளினுக்கு ஒன்று, ஃப்ளோர்ஃபெனிகாலுக்கு ஒன்று, துலாத்ரோமைசின் வகைக்குச் சில என்று மாட்டு நிமோனியாவுக்குப் போடும் மருந்துகளில் பலவற்றுக்கும் அதில் பதில் இருந்தது. அந்தத் துண்டு தன்னைத்தானே கழற்றிக்கொண்டு அடுத்த கிருமிக்குள் போய்ச் செருகிக்கொள்ளக் கூடியது. ஆய்வகத்தில் அது மான்ஹைமியாவுக்குப் போனது. குடலில் வாழும் இ.கோலைக்கும் போனது. இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். ஒரு கன்றுக்கு டெட்ராசைக்ளின் மட்டும் போட்டாலும், அந்தத் துண்டை வைத்திருக்கும் கிருமி தப்பிப் பிழைத்துப் பெருகும். அதோடு சேர்ந்து மற்ற மருந்துகளுக்கான எதிர்ப்பும் பெருகும். நாம் பயன்படுத்தவே இல்லாத மருந்தும் கையைவிட்டுப் போகும்.

ஊசி நுரையீரலுக்கு மட்டும் போவதில்லை என்பதும் முக்கியம். கழுத்தில் போட்ட மருந்து இரத்தம் வழியாக உடம்பு முழுக்கச் சுற்றும், ஒரு பங்கு குடலுக்கும் போகும். நோயுற்ற இடத்தில் சில கோடிக் கிருமிகள் என்றால் குடலில் இருப்பவை எண்ணிக்கையில் அடங்காதவை. அவை எல்லாம் அந்த மருந்தைச் சந்திக்கின்றன. பிழைத்தவை சாணத்தோடு வெளியேறி வயலுக்கும் குளத்துக்கும் போகின்றன. மான்ஹைமியா மனிதனை அநேகமாகத் தொடுவதே இல்லை. மனிதனுக்கு ஆபத்து அந்த வழியில் வருவதில்லை, குடலின் இ.கோலையும் சால்மொனெல்லாவும் சுமந்துவரும் எதிர்ப்பில்தான் வருகிறது.

பெரிய பண்ணைகளில் இது இன்னும் பெரிதாகிறது. ஆயிரக்கணக்கான கன்றுகளை ஒரே இடத்தில் கொழுக்க வைக்கும் வட அமெரிக்கப் பண்ணைகளில், லாரியிலிருந்து இறங்கியதுமே கூட்டம் முழுவதற்கும் ஊசி போடும் வழக்கம் உண்டு. சிலவற்றுக்கு நோய் வரும் என்று தெரியும், எவற்றுக்கு என்று தெரியாது, ஆகவே எல்லாவற்றுக்கும். அதனால் சாவு குறைகிறது என்பது உண்மை. அந்தப் பண்ணைக்காரரை நான் கொடியவராகப் பார்க்கவில்லை. ஆனால் நோயே வராத கன்றுகளின் மூக்கும் குடலும்கூட அன்றைக்கு மருந்தில் குளிக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி 28 முதல், வழக்கமாக எல்லாவற்றுக்கும் போட்டுவைக்கும் முறைக்குத் தடை விதித்தது. தீவனத்தில் கலந்து வளர்ச்சிக்காகக் கொடுப்பதை அது 2006-லேயே நிறுத்திவிட்டது. இந்தியா 2019-இல் கோலிஸ்டின் மருந்தை உணவுக்கான விலங்குகளில் தடை செய்தது. வேறெதற்கும் பணியாத கிருமிக்கு மருத்துவமனைகள் கடைசியாகக் கையிலெடுக்கும் மருந்து அது.

இங்கே சிங்கப்பூரில் 90 விழுக்காட்டுக்கு மேல் உணவு வெளியிலிருந்து வருகிறது. இறக்குமதியாகும் இறைச்சியிலும் பாலிலும் மருந்து மிச்சம் இருக்கிறதா என்று சிங்கப்பூர் உணவு அமைப்பு சோதிக்கிறது. 2017 நவம்பரில் மருந்தெதிர்ப்புக்கான தேசியச் செயல்திட்டம் வந்தபோது, அதில் சுகாதார அமைச்சு மட்டும் இல்லாமல், விலங்கு, உணவு, சுற்றுப்புறம், தண்ணீர் ஆகியவற்றைக் கவனிக்கும் அமைப்புகளும் ஒன்றாகச் சேர்ந்தன. மனிதன், விலங்கு, மண், தண்ணீர் எல்லாவற்றுக்கும் ஒரே நலம் என்ற எண்ணம் அது. எனக்கு அது வெறும் கொள்கை வாசகமாகத் தெரியவில்லை. காலையில் நான் அளக்கும் வட்டங்கள் சுருங்குவதற்கான காரணம் எப்போதும் மருத்துவமனைக்குள்ளேயே இருப்பதில்லை. உலக அளவில் 2019-இல் மட்டும், மருந்துக்கு மசியாத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

பால் விஷயத்தில் ஒன்று. மருந்து போட்ட மாட்டின் பாலை எத்தனை நாள் கறந்து கீழே ஊற்ற வேண்டும் என்று பாட்டிலிலேயே போட்டிருக்கும். மாமா பெரிய மாட்டுக்கு ஊசி போட்ட மாதம், அத்தை இரவு உறை ஊற்றிய பால் காலையிலும் பாலாகவே இருந்ததாம். மோர் சரியில்லை என்று பக்கத்து வீட்டில் வாங்கி ஊற்றினார், மறுநாளும் தோயவில்லை. தயிரைத் தோய்ப்பதும் பாக்டீரியாதான். பாலில் இருந்த மருந்து அதையும் வளரவிடவில்லை. காய்ச்சினால் மருந்து போய்விடும் என்று நம்பவும் முடியாது. அத்தைக்கு இதை விளக்கியபோது, “அப்ப அந்தப் பாலத்தான நாங்க காப்பிக்கு ஊத்துனோம்” என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அந்தக் கன்று பிழைத்தது. மருத்துவர் எழுதிய நாள் கணக்கு முழுவதும், அவர் சொன்ன அளவில் ஊசி போட்டார்கள். ஆனால் கெட்டிப்பட்ட நுரையீரல் திரும்ப வராது. இப்போது அது மாடாகிவிட்டது. வெயிலில் கொஞ்ச தூரம் நடந்தாலே இரைக்கிறது. கூட வளர்ந்தவற்றைவிடச் சிறியதாகவே நின்றுவிட்டது.

நோய் வந்தபின் எந்த மருந்து என்பதைவிட, பூட்டு உடையாமல் பார்ப்பதில்தான் நிறைய இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. மருத்துவர் அன்றைக்கு மருந்துக்குச் செலவிட்ட நேரத்தைவிடக் கொட்டகைக்குச் செலவிட்ட நேரம் அதிகம். குனிந்து கன்று படுக்கும் உயரத்தில் முகத்தை வைத்து மூச்சிழுத்துப் பார்க்கச் சொன்னார். நிற்கும்போது தெரியாத அம்மோனியா அங்கே மூக்கில் ஏறியது. மாமா மறுநாளே பின்சுவரில் இரண்டு வரிசைச் செங்கல்லை எடுத்துவிட்டார். மழைச்சாரல் படாமல் கீற்று ஒன்றைச் சாய்த்துக் கட்டினார். சந்தையிலிருந்து வரும் கன்றை இரண்டு வாரம் தனியாகக் கட்டுகிறார், வந்ததும் தண்ணீரும் வைக்கோலும் முதலில்.

அப்புறம் சீம்பால். மனிதக் குழந்தை தாயின் எதிர்ப்புப் புரதங்களை வயிற்றுக்குள்ளேயே வாங்கிக்கொண்டு பிறக்கிறது. கன்றுக்கு அந்த வழி அடைப்பு. நஞ்சுக்கொடி அதை விடாது. பிறக்கும்போது கன்று வெறுங்கையோடுதான் வருகிறது. அதன் முதல் கவசம் முழுவதும் சீம்பாலில் இருக்கிறது. அதையும் குடல் எடுத்துக்கொள்ளும் நேரம் குறைவு: முதல் சில மணி நேரத்தில் நன்றாக, போகப்போகக் குறைந்து, ஏறக்குறைய 24 மணி நேரத்தில் கதவு மூடிவிடும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குடிக்க வேண்டும். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர், முடிந்தால் முதல் ஆறு மணி நேரத்துக்குள். நஞ்சு விழுந்த பிறகுதான் கன்றை ஊட்டவிட வேண்டும் என்று பல ஊர்களில் ஒரு பழக்கம் இருக்கிறது. மாமா வீட்டிலும் இருந்தது. நஞ்சு விழ அரை நாள் ஆகிவிட்டால் அந்த அரை நாளும் வீண். சீம்பால் சரியாகக் கிடைக்காத கன்றுக்குத்தான் பின்னால் செருமல் அதிகம் வரும், ஊசியும் அதிகம் தேவைப்படும்.

சின்ன வயதில் விடுமுறைக்கு ஊருக்குப் போனால் சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு வேகவைத்து அத்தை துண்டு போட்டுத் தருவார். தேக்காவில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காத ருசி. போன தடவை நான் போயிருந்தபோது இரவு இரண்டு மணிக்கு மாடு கன்று ஈன்றது. நஞ்சு விழும்வரை மாமா காத்திருக்கவில்லை. டார்ச் வெளிச்சத்தில் கன்றைத் துடைத்து, தூக்கி நிறுத்தி, காம்பை அதன் வாயில் வைத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

“இது வயிறு நெறைய குடிக்கட்டும்மா. மிச்சம் இருந்தா காலையில ஒனக்கு.”